பனிக்குப் போன ஜெர்கின்

"ஊட்டிக்குங்களா, கொடைக்கானலுக்குங்களா?" என்று கேட்டார் கடைவீதி ரெடிமேட் கடைக்காரர்.

"அதுக்கும் மேலங்க. இமயமலைக்கு. பனியில சறுக்கக் கத்துக்கப் போறேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். நாற்பத்து நாலு வயது, காட்டன் புடவை, கழுத்தில் விசில், காலில் பள்ளி மைதானத்துப் புழுதி. விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் என்னிடம் கபடி ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள்தான். அதனால் கடைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அந்த மாதிரி ஜெர்கினு நம்மகிட்ட எங்கங்க டீச்சர் இருக்குது" என்றார். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஸ்வெட்டர், ஜெர்கின், மழைச்சட்டை என்று பத்தை எடுத்துப் போட்டார்.

ஜெர்கின் என்றுதான் கேட்க வேண்டும். ஜாக்கெட் என்று கேட்டால் எங்கள் ஊரில் ரவிக்கைத் துணியை எடுத்து விரித்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். விளையாட்டு ஆசிரியர்களுக்கென்று வடக்கே ஒரு மலையில் பதினாலு நாள் பனிச்சறுக்குப் பயிற்சி நடக்கிறது. முதல் தடவை நான் எழுதிப் போட்டபோது தேர்தல் பணி வந்து குறுக்கே நின்றது. இரண்டாம் தடவை கொரோனா வந்து ஊர் உலகத்தையே பூட்டியது. மூன்றாம் தடவை பட்டியலில் என் பெயர் வந்தது, கூடவே எனக்கு டெங்குவும் வந்தது. இது நான்காம் தடவை. நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு மார்ச்சில் நாற்பத்தைந்து. பயிற்சி ஜனவரியில். இதை விட்டால் எனக்குப் பனி கிடையாது.

பனியில் சறுக்கி இன்னா பண்ணப் போறே என்று கேட்காதவர்கள் இல்லை. என்ன பண்ணுவது? ஒன்றும் பண்ணப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைப் பார்த்து "எழுந்திரு, ஓடு, குனி" என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவையாவது ஒன்றுமே தெரியாதவளாக வரிசையில் நிற்க வேண்டும். யாராவது என்னைப் பார்த்துக் கத்த வேண்டும். கடைசியில் ஒரு சரிவின் தலையிலிருந்து அடிவரை யார் கையையும் பிடிக்காமல் நான் வந்து சேர வேண்டும். ஆசைக்கு இதற்கு மேல் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

பயிற்சிக்காரர்கள் வாட்ஸப்பில் விவரம் அனுப்பியிருந்தார்கள். பூட்ஸ், சறுக்குப் பலகை, கைக்கம்பு, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே தருவார்கள். தண்ணீர் புகாத ஜெர்கினும் பேன்ட்டும் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் உடுப்பைச் சோதிப்பார்கள். உள்ளே ஈரம் இருந்தால் மறுநாள் பனியில் இறங்க விட மாட்டார்கள், ஏனென்றால் ஈர உடம்பைக் குளிர் அடித்துப் போட்டுவிடும். இப்படி இரண்டு நாள் உட்கார வைக்கப்பட்டவருக்குக் கடைசி நாள் சோதனைச் சறுக்கு கிடையாது. ஆக, என் நாலு தடவை ஆசை மொத்தமும் ஒரு ஜெர்கினிலும் ஒரு பேன்ட்டிலும் வந்து நின்றது.

கடைக்காரர் எடுத்துப் போட்ட குவியலிலிருந்து இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒன்று உள்ளே முழுக்கக் கம்பளி மயிர் வைத்துத் தைத்த தடித்த ஜெர்கின். இன்னொன்று பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ரப்பர் மழைச்சட்டையும் பேன்ட்டும். நேராக வீட்டுக்குப் போகாமல் தொழிற்பேட்டைக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் அங்கே சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். தகரக் கொட்டகை, ஒரு சூளை, ஆறேழு பேர் வேலை. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் சின்னச் சின்ன பொம்மைகளும் செய்கிறார்கள். அச்சு எல்லாம் அவர் கையால்தான். அவர் பேச மாட்டார், செய்துவிடுவார். நான் பேசி முடித்த பிறகுதான் மூச்சே விடுவேன். இருபது வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

கொட்டகையில் துணியைக் காட்டியதும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவர்களில் கட்டைகளைக் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கும் அக்கா ஒருத்தி. தினமும் நல்லூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், வாய் என் வாயைவிட ஒரு முழம் நீளம். அவள் கேள்வியே கேட்கவில்லை, ஒரு மக்கு தண்ணீரைக் கொண்டுவந்து கம்பளி ஜெர்கினின் முதுகில் ஊற்றினாள். அவர்களுக்கு அது பழக்கம். முதல் சூடு வாங்கிய கட்டையில் ஒரு சொட்டு விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். கிளேஸ் பூசிச் சுட்ட பிறகு விட்டால் உருண்டு ஓடிவிடும். எதைக் கொடுத்தாலும் முதலில் தண்ணீர் விட்டுத்தான் பார்ப்பார்கள்.

ஜெர்கின் மொத்தத் தண்ணீரையும் குடித்தது. இன்னொரு மக்கு ஊற்றினாள், அதையும் குடித்தது.

"இதப் போட்டுக்கினு போனீங்கன்னா, உங்களத் தூக்கியார நாலு ஆளு வேணும் டீச்சர்" என்றாள்.

மழைச்சட்டையில் ஊற்றியபோது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், அவர் தலையை ஆட்டிவிட்டால் அது முத்திரை குத்தின மாதிரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பனியில் சும்மாவா நிற்கப் போகிறேன்? அந்தச் சட்டையையும் பேன்ட்டையும் மாட்டிக்கொண்டு, பகல் பதினோரு மணிக்குத் தொழிற்பேட்டை ரோட்டில் நாலு சுற்று ஓடினேன். டீக்கடையில் நின்ற லாரிக்காரர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பி வந்தபோது சட்டையின் வெளியே ஒரு பொட்டு ஈரம் இல்லை. உள்ளே நான் குளத்தில் விழுந்து எழுந்தவள் போல இருந்தேன். அக்கா என் காலருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"வெளிய கிளேஸு, உள்ள ஈரம். இத அப்படியே சூளையில வச்சா டமாருதான்."

அங்கே நின்ற எல்லோருக்கும் அது உடனே புரிந்தது. உள் ஈரம் வெளியே போக வழி இல்லாத எதுவும் சூளைக்குள் பிழைக்காது. மலையேறியும் பிழைக்காது என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் பயிற்சி அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். அவளுக்கு இந்தியும் இங்கிலீஷும். என் இந்தி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதோடு சரி. ஆனாலும் அவள் பொறுமைசாலி, தங்கமான பெண். தடிமனான ஜெர்கின் வேண்டவே வேண்டாம் என்றாள். மெல்லிசாக உள்ளே ஒன்று, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின் வெறும் ஓடு மாதிரி இருந்தால் போதுமாம். வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள் ஆவி வெளியே போகும், அப்படித் துணி இருக்கிறதாம். அக்குளில் ஜிப் இருக்க வேண்டும், வேர்த்தால் திறந்துவிடலாம். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி போன ஓட்டை வழியாகவே பனி உருகி இறங்கும். இடுப்பில் உள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டை, விழும்போது பனி முதுகுக்குள் ஏறாமல் இருக்க. பேன்ட்டின் காலில் பூட்ஸ் மேல் இழுத்துவிடுகிற உள்மடிப்பு. பின்பக்கமும் முட்டியும் கெட்டித் துணி.

"புதுசா கத்துக்கறவங்க நிக்கறத விட ஒக்காருறதுதான் ஜாஸ்தி" என்பதை அவள் இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

நிறம் வெள்ளை வேண்டாம், பளிச்சென்று இருக்கட்டும், விழுந்து கிடந்தால் தேட வசதி என்றாள். கடைசியாக அளவு. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட இடம் இருந்தால் போதும், அதற்கு மேல் ஒரு விரல்கூட தொளதொள என்று இருக்கக் கூடாது. இதைக் கபடி ஸ்கோர் எழுதும் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

ஆன்லைனில் மூன்று நாள் தேடி ஒரு ஆரஞ்சு ஜெர்கினையும் கருநீலப் பேன்ட்டையும் பிடித்தேன். எல்லா லட்சணமும் இருந்தது. ஆர்டர் போடுவது என் வீட்டுக்காரர் போனில்தான். "மீடியம் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான், சொல்லிவிட்டுப் போனது.

பார்சல் பிரித்த அன்று நிறத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வாழைப்பழம் வைத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கை தெரியவில்லை. சட்டை முட்டிக்கு வந்தது. பேன்ட்டை இழுத்தேன், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்து அக்குளில் நின்றது.

"இன்னாங்க இது? மீடியம்தான சொன்னேன்?"

"ரெண்டு சைஸு ஏத்திப் போட்டேன்."

"எதுக்கு?"

"சுருங்கும்ல."

"எது சுருங்கும்?"

"எல்லாந்தான் சுருங்கும். மண்ணே சுருங்குது. துணி சுருங்காதா?"

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? அவர் வாழ்க்கையில் செய்த ஒவ்வொரு பொருளும் சுருங்கித்தான் வெளியே வந்திருக்கிறது. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் இன்னும் கொஞ்சம் சுருங்கும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அச்சைப் பெரிதாகச் செய்வார். அந்தக் கை எதை அளந்தாலும் கூட்டித்தான் அளக்கும். எங்கள் வீட்டு ஜன்னல் திரைகள் இன்றைக்கும் தரையைப் பெருக்குகின்றன.

கம்பெனிக்குப் போன் போட்டால் மீடியம் தீர்ந்துவிட்டது என்றார்கள். வேறு வாங்கினால் எப்போது வரும் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. ரயிலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சரி, கையையும் காலையும் டெய்லரிடம் கொடுத்துச் சுருக்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விடவில்லை அவர். என் முகம் வாடியதைத் தாங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் நான் பள்ளிக்குப் போனதும் ஜெர்கினைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்து, கொட்டகைக்குக் கொண்டுபோய், சூளையை ஒட்டி இருக்கிற அறையில் மாட்டிவிட்டார். சுடுவதற்கு முன் பச்சைக் கட்டைகளைக் காய வைக்கிற அறை அது. உள்ளே போனால் நமக்கே முகம் சுருங்கும். சாயங்காலம்வரை அங்கேயே தொங்கவிட்டிருக்கிறார்.

ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார். ஜெர்கினை நீட்டினார். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மேல் ஒட்டியிருந்த டேப்பெல்லாம் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு எழுந்து நின்றது. விரலால் தொட்டதும் கையோடு வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் ஊரைக் கூட்டுவேன், அது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குச் சத்தமே வரவில்லை.

"மொத தடவ எலெக்‌ஷன் கெடுத்துச்சு" என்றேன். "ரெண்டாவது கொரோனா. மூணாவது டெங்கு. இப்ப நீங்க."

அவர் ஜெர்கினை என் கையிலிருந்து வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன், திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அன்றைக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அதற்கு மறுநாள் மத்தியானம் பள்ளிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், செத்த வந்துட்டுப் போங்க. மொதலாளி காலையிலேர்ந்து ஒண்ணும் துண்ணல, எங்கள வேல செய்யவும் வுடல."

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை முன்னால் வெயிலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். உடம்பில் என் ஆரஞ்சு ஜெர்கின், கழுத்துவரை ஜிப் போட்டு. இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, மக்கு மக்காக அவர் தோள் மேல் செக்கச் சிவந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முனிவர் மாதிரி அசையாமல் நின்றார்.

"உங்களுக்கு முன்னாடி மொதலாளி பனிக்குக் கெளம்பிட்டாரு டீச்சர். ஆரத்தி எடுத்து அனுப்புறோம்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கிறேன் என்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அது சிவப்பு மை கலந்த தண்ணீர். கட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரளவு விரிசல் இருந்தால் கரண்டு பாய்ந்துவிடும். அதனால் சிவப்பு மைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்துப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் சிவப்புக் கோடு நிற்கும். அதே வித்தையை ஜெர்கினுக்குக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே அவர் வெள்ளை வெளேரென்று புது பனியன் போட்டிருந்தார். பத்து மக்கு ஊற்றிய பிறகு ஜெர்கினைக் கழற்றினார். பனியனில் இடது தோளில் ஒரு பெரிய கறை, வலது தோளில் ஒன்று, முதுகு நடுவில் ஒரு கோடு, அக்குளில் இரண்டு பொட்டு. ஒழுகுகிற இடமெல்லாம் அவர் உடம்பிலேயே வரைபடம் போட்டுக் காட்டியது.

அப்புறம் நடந்ததுதான் வேலை. வாங்கி வீணாகக் கிடந்த மழைச்சட்டையை விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். பஞ்சர் கடையிலிருந்து சொல்யூஷன் டியூப் வாங்கி வந்து, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்த இடத்தில் தடவி, பட்டையை வைத்து அழுத்தி, பிளாஸ்டர் அச்சுகளைப் பாரமாக அதன் மேல் ஏற்றினார்கள். காய்ந்ததும் அவர் மறுபடி வெள்ளைப் பனியன் போட்டு, ஜெர்கினை மாட்டி, வெயிலில் போய் நிற்பார். மறுபடி ஆரத்தி. ஒரு கறை குறையும், வேறு இடத்தில் ஒன்று முளைக்கும். மறுபடி பட்டை. மூன்று நாள் இதே கூத்து. ஃபியூஸ் கட்டை எடுக்க வந்த வியாபாரி ஒருவர், முதலாளிக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

பேன்ட்டில் கஷ்டம் இல்லை. நல்லவேளை, அதை அவர் அறைக்குள் மாட்டவில்லை. பாலக்கரை டெய்லர் காலைச் சுருக்கி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, ஜெர்கின் கையையும் மணிக்கட்டில் பிடிக்கிற மாதிரி செய்து கொடுத்தார். "யாருக்கு டீச்சர், தீயணைப்புக்காரங்களுக்கா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் காட்டினார். பனியன் வெள்ளையாக இருந்தது. இடது தோளைத்தான் நாலு தடவை ஒட்ட வேண்டியிருந்ததாம். கொடியில் பார்த்தேன். அவருடைய மற்ற பனியன்கள் எல்லாம் ரோஸ் நிறத்தில் வரிசையாகத் தொங்கின.

"ஆம்பள ரோஸ் பனியனோட வூட்டுக்குள்ள இருக்கறதா இருந்தா இருங்க. வெளிய வராதீங்க" என்றேன். நாலு நாளைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கண் மட்டும் அந்த ஜெர்கினையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் வண்டி நகரும்போது எல்லா வீட்டுக்காரர்களும் "பத்திரமா போயிட்டு வா" என்பார்கள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, "எடது தோள்ல வுழாத" என்றார்.

மலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. வெள்ளையாக இருந்தது, கண் கூசியது, மூக்கு நுனி என்னுடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் பயிற்சியாளர் ஒரு மலைநாட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், குரல் மட்டும் என் குரலைவிடப் பெரிது. நான் ஆசைப்பட்ட மாதிரியே என்னைப் பார்த்துக் கத்தினாள். முதல் நாள் சாயங்காலம் என் காலருக்குள் கையை விட்டாள், அக்குளைத் தடவினாள், ஜெர்கினைத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சர் பட்டைகளைக் கண்டதும் நிறுத்தினாள்.

"இது என்ன?"

"ஹஸ்பண்ட்" என்றேன். "சைக்கிள் பஞ்சர். ரப்பர்." கையால் மக்கில் ஊற்றுவது போல, அவர் கண்ணை மூடி நிற்பது போல நடித்துக் காட்டினேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. மற்ற பயிற்சியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லோரும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விழுந்தேன். முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், நின்ற இடத்தில் நின்றபடியே விழுந்தேன். பின்பக்கம் கெட்டித் துணி வைத்தவர்களுக்குக் கோயில் கட்டலாம். மூன்றாம் நாள் பலகைகளை முன்னால் ஒட்டிப் பின்னால் அகட்டி வைத்து நிறுத்தப் பழகினேன். ஆறாம் நாள் வலது பக்கம் திரும்பினேன். இடது பக்கம் திரும்ப எட்டாம் நாள் ஆயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கை காலருக்குள் போகும், உலர்ந்து வெளியே வரும், "ஓகே மேடம்" என்பாள். அறைக்குப் போனதும் அவருக்கு ஒரே வரி அனுப்புவேன், "காஞ்சி இருக்குது" என்று. அவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்ட கை அனுப்புவார்.

பத்தாம் நாள் இடது தோள் ஒழுகியது. ஒரு பட்டை ஓரத்தில் பிரிந்துவிட்டது. அவள் கை நின்றது, என் முகத்தைப் பார்த்தாள், நாளைக்குக் கிடையாது என்று தலையை ஆட்டினாள். பதினோராம் நாள் முழுக்கக் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து, மற்றவர்கள் சறுக்குவதைப் பார்த்தேன். இன்னொரு நாள் இப்படி உட்கார்ந்தால் முடிந்தது. அழுகை வந்தது, அழவும் செய்தேன். ஆனால் அவருக்கு "காஞ்சி இருக்குது" என்றே அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் முறுக்கு கட்டி எடுத்துப்போன பாலிதீன் பையைப் பிரித்து, பனியனுக்கு மேல் இடது தோளில் வைத்து, முடி பின்னும் ரிப்பனால் அக்குளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் ஒருமுறை பாத்ரூமுக்குள் ஓடித் துடைத்து மாற்றினேன். அன்றும் மறுநாளும் அவள் கை உலர்ந்தே வந்தது. பை இரண்டாம் நாளே நார் நாராகக் கிழிந்துவிட்டது.

பதினாலாம் நாள், சோதனைச் சறுக்கு. காலையிலிருந்தே பனி கொட்டியது. மேலே சிவப்புக் கொடி நட்ட இடத்திலிருந்து, வளைந்து வளைந்து ஏழு கம்பங்களைச் சுற்றி, கீழே கயிறு கட்டிய இடம்வரை விழாமல் வர வேண்டும். என் முறை வருவதற்குள் இடது தோளில் சில்லென்று ஒரு கோடு இறங்கி முழங்கைவரை வந்துவிட்டது. சாயங்காலம் காலருக்குள் கையை விட்டால் மாட்டிக்கொள்வேன். ஆனால் சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. விசில் ஊதினார்கள்.

முதல் கம்பம் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. இரண்டாவதில் "குனி, முட்டியை மடக்கு" என்று ஒரு குரல் கேட்டது, என் குரல்தான், தமிழில் எனக்கே கத்திக்கொண்டிருந்தேன். நாலாவதில் ஒரு பலகை இன்னொன்றின் மேல் ஏறப் பார்த்தது. "எழுந்திருடி" என்றேன், விழாமலே. ஏழாவது கம்பத்தைச் சுற்றியபோது எதிரே ஒன்றும் இல்லை, சரிவு மட்டும்தான். அப்படியே விட்டுவிட்டேன். காற்று காதுக்குள் கத்தியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, அகட்டி நிறுத்தி, நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கீழே இருந்த பயிற்சியாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அப்போது அவள் கை என் இடது தோளில் பட்டது. ஈரம் தெரிந்திருக்கும். தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

சரிவின் அடியில் இருந்த டீக்கடை பக்கத்தில் மட்டும்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கே ஓடினேன். ஊரில் யூனிட்டில் சாப்பாட்டு நேரம். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"நனைஞ்சியா?" என்றார்.

சறுக்கினாயா, விழுந்தாயா, பாஸா ஃபெயிலா, எதுவும் இல்லை. பதினாலு நாளும் அந்த மனுஷன் இந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்து, படுத்து, அச்சு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இப்ப நீங்க" என்று நான் சொன்ன அந்தப் பேச்சு அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் தைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ என்றிருந்தது.

"இல்லிங்க" என்றேன். "ஒரு சொட்டு எறங்கல."

"எடது தோளு?"

"எலும்பு மாதிரி காஞ்சி கெடக்குது."

அவர் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு, "நனையலையாம்!" என்று கத்தினார். இருபது வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா குலவை போட்டாள். யாரோ தட்டில் கரண்டியால் அடித்தார்கள். நான் இங்கே கீழே வந்து சேர்ந்ததை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, நான் கீழ வந்துட்டேங்க. ஒரு எடத்துலயும் வுழாம வந்துட்டேன்."

"தெரியும்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நனையலன்னா நீ வந்துருவேன்னு எனக்குத் தெரியாதா?"

"ம்" என்றேன். டீக்கடைக்காரர் கொடுத்த சூடான கிளாஸை எடுத்து இடது தோளில் வைத்து அழுத்திக்கொண்டேன்.